மேடைக்கு மூன்று படி

எங்கள் கூட்டமைப்பின் பொதுக்குழுவில் புதிய தலைவரை மேடைக்கு வரச் சொல்லி மைக்கில் அழைத்தார்கள். கைத்தட்டல் நன்றாகவே இருந்தது. அவர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு நடுவழியாக வந்து மேடைக்கு முன்னால் நின்றார். அதற்கு மேல் போக வழியில்லை. மேடைக்கு மூன்று படி. சாய்தளம் கிடையாது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், மாற்றுத்திறனாளிகளுக்காகவே வேலை செய்கிற 16 சின்னச் சின்ன அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு எங்களுடையது. 21 வருடமாக அதே அரங்கம். வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த அரங்கத்தையே பிடித்தோம். கழிப்பறைக் கதவு அகலமா, உள்ளே கைப்பிடி இருக்கிறதா, முதல் வரிசையில் சக்கர நாற்காலிகளுக்கு இடம் விட்டிருக்கிறார்களா, சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கிற இடத்தில் வெளிச்சம் விழுகிறதா, எல்லாவற்றையும் ஒவ்வொரு வருடமும் முதல் நாளே போய்ப் பார்ப்போம். போவது நான்தான், கையில் ஒரு தாளோடு, டிக் அடித்துக்கொண்டே. அந்தத் தாளில் மேடை என்று ஒரு வரி கிடையாது. சக்கர நாற்காலியில் வருகிறவர் கீழே உட்கார்ந்து கேட்பார், மேலே இருக்கிறவர்கள் பேசுவார்கள் என்று யாரும் எழுதிவைக்காத ஒரு விதி எங்கள் தலைக்குள் இருந்திருக்கிறது. என் தலைக்குள்ளும்தான்.

நான்கு தன்னார்வலர்கள் ஓடி வந்தார்கள், நாற்காலியோடு தூக்கிவிடலாம் என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தூக்க வேண்டாம். மேஜையைக் கீழே கொண்டுவந்துடுங்க, எல்லாரும் இங்கேயே உட்காரலாம்" என்றார். கோபமாக எல்லாம் சொல்லவில்லை, ஜன்னலைத் திறக்கச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். மேஜை, மைக், தண்ணீர் பாட்டில்கள், மேலே உட்கார்ந்திருந்த நாங்கள், ஒவ்வொன்றாக இறங்கினோம். பத்து நிமிடம் ஆனது. கடைசியாக, அதுவரை தலைவராக இருந்த டீச்சர் இறங்கினார், மூட்டுவலியோடு, ஒவ்வொரு படியாக, என் தோளைப் பிடித்துக்கொண்டு. கடைசிப் படியில் நின்று மெதுவாக, "இந்தப் படி எனக்கே நாலு வருஷமா கஷ்டமாத்தான் இருந்துச்சு தம்பி, சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தலைமை மாறினால் என்ன மாறும், எது மாறவே மாறாது என்று அப்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அது கிட்டத்தட்ட முழுவதுமாகத் தப்பாகிப் போனதால்தான் இதை எழுதுகிறேன். தலைவர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் தலைவர் என்றே எழுதுகிறேன். டீச்சர் எப்போதுமே எல்லோருக்கும் டீச்சர்தான்.

டீச்சர் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர். ஒரு அறையில் ஏழு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது, அக்கம்பக்கத்தில் இதே போல் இயங்கிக்கொண்டிருந்த மற்றவர்களையும் சேர்த்துக் கூட்டமைப்பு ஆனது. என் தங்கைக்கு அறிவுசார் குறைபாடு. அவளுக்குப் பகல்நேர மையம் தேடிப் போனபோதுதான் நான் உள்ளே வந்தேன், ஒரு வருடத்தில் கணக்கெழுதப் பிடித்துக்கொண்டார்கள், அப்புறம் செயலாளர். இந்தத் துறையில் பாதிப் பேர் வந்த வழி இதுதான்.

டீச்சரின் தலைமை எப்படிப்பட்டது என்று கேட்டால் அவருடைய பச்சை டைரியைத்தான் காட்ட வேண்டும். ரப்பர் பேண்ட் போட்ட தடித்த டைரி, வருடத்துக்கு ஒன்றாக மாற்றாமல் ஒரே டைரியில் தாள் ஒட்டி ஒட்டி வளர்த்தது. ஒரு பக்கம் இப்படி இருக்கும்: பையன் பெயர், அதன் கீழே, அவன் காலுக்குத் தாங்கலாகப் போடுகிற காலிபரைப் பற்றி, "காலிபர் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் அளவு பார்க்கணும், வளர்ற வயசு. அப்பா போன் எடுக்கமாட்டார், பாட்டிக்குப் போடு. சாயங்காலம் ஆறுக்கு மேல் போடாதே." இன்னொரு பக்கத்தில் வலிப்பு மாத்திரையின் பெயர், அது தீர்ந்துபோனால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு எண். சக்கர நாற்காலி டியூப் பஞ்சர் ஆனால் எந்த சைக்கிள் கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒட்டித் தருவார் என்பது வரைக்கும் அதில் இருக்கும். 16 அமைப்புகளுக்கும் சேர்த்து எந்த ஆவணத்திலும் இல்லாத அறிவு அந்த ஒரு டைரியிலும், டைரியில் எழுத இடமில்லாதது டீச்சர் தலையிலும் இருந்தது. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். "டீச்சருக்குத் தெரியாத குடும்பமே கிடையாது." இப்போது யோசித்தால் வயிற்றைக் கலக்குகிற வாக்கியம் அது. டீச்சர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்தப் பையனுக்குக் காலிபர் சின்னதாகிவிடும் என்றுதானே அர்த்தம்.

68 வயதில் அவரே சொன்னார், போதும் என்று. நாங்கள் யாரும் தயாராக இல்லை. கெஞ்சினோம், இன்னும் இரண்டு வருடம் என்றோம், கௌரவத் தலைவர் என்றோம். அதில் அன்பும் இருந்தது, பயமும் இருந்தது, நிறைய சோம்பேறித்தனமும் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். தலைவர் ஒருவர் எல்லாவற்றையும் தூக்கிச் சுமக்கும்போது நிர்வாகக் குழுவில் இருப்பது சுகமான வேலை. மாதம் ஒரு முறை போய்த் தலையாட்டிவிட்டு வரலாம்.

மூன்று பெயர்கள் வந்தன. ஒருவர் உயர் பதவியில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி, எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கும். இன்னொருவர் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா, நல்ல உழைப்பாளி. மூன்றாவதாக இப்போதைய தலைவர். சின்ன வயதில் எங்கள் மையத்தில்தான் பிசியோதெரபி எடுத்தார், படித்தார், அப்புறம் எங்களிடமே கள அலுவலராகப் பத்து வருடம் வேலை பார்த்தார். குழுவில் ஒருவர், மனதில் கள்ளம் இல்லாமல்தான் சொன்னார், "பாவம், அவங்களுக்கே நாலு பேர் உதவி வேணும், இவ்வளவு அலைச்சலை எப்படித் தாங்குவாங்க?" அறையில் யாரும் அதிர்ச்சியடையவில்லை. நானும் அடையவில்லை. நான் அந்த அதிகாரிக்குத்தான் ஆதரவாக இருந்தேன்.

என்னை மாற்றியது யாருடைய பேச்சும் இல்லை. முடிவெடுக்க ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள், அந்த ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று படித்தேன். முதலில் கண்ணில் பட்டது எட் ராபர்ட்ஸ். போலியோவால் கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட முழுவதும் செயலிழந்த மனிதர், தூங்கும்போது இரும்பு நுரையீரல் என்கிற, மூச்சுவிட வைக்கும் பெரிய இயந்திரத்துக்குள் இருக்க வேண்டும். 1962இல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேரப் போனபோது அந்த மாநிலத்தின் மறுவாழ்வுத் துறை உதவித்தொகை தர மறுத்தது. காரணம், இவரால் ஒருநாளும் வேலைக்குப் போக முடியாது, அதனால் செலவழிப்பது வீண். பத்திரிகையில் விஷயம் வந்து நாலு பேர் கேட்ட பிறகுதான் துறை இறங்கி வந்தது. படித்தார். 1972இல் பெர்க்லியில், மாற்றுத்திறனாளிகளே நடத்துகிற தற்சார்பு வாழ்வு மையத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவராக இருந்தார். 1975இல், எந்தத் துறை இவரால் முடியாது என்று எழுதியதோ அதே துறைக்கு ஆளுநர் இவரை இயக்குநராகப் போட்டார். அந்தப் பழைய கோப்பு இவருடைய அலுவலகத்திலேயே எங்காவது ஒரு அலமாரியில் இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. சரி, அது என் கற்பனை.

அப்புறம் காலடெட். வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கான பல்கலைக்கழகம், 1864இல் தொடங்கியது. 124 வருடத்தில் ஒரு காது கேளாதவர்கூட அதன் தலைவராக இருந்ததில்லை. 1988 மார்ச்சில் மூன்று பேர் இறுதிப் பட்டியலில் இருந்தார்கள், அதில் இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது, காது கேட்கிறவர், சைகை மொழி தெரியாதவர். மாணவர்கள் வாயில்களை மூடினார்கள், பாராளுமன்றக் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒரே வாரம்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் விலகினார், குழுத் தலைவர் விலகினார், ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். பலர் விட்டுவிடுகிற ஒரு சங்கதி என்னவென்றால், ஜோர்டனே முதலில் குழுவின் முடிவை ஏற்றுக்கொண்டு பேசினார், இரண்டொரு நாள் கழித்துத்தான் மாணவர்கள் பக்கம் வந்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவருக்கே இரண்டு நாள் ஆகியிருக்கிறது என்றால் நான் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மாணவர்கள் வைத்த நான்கு கோரிக்கைகளில், நிர்வாகக் குழுவில் 51 சதவீதம் காது கேளாதவர்களாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. தலைவர் நாற்காலிக்கு மட்டும் சண்டை போட்டிருந்தால் அது ஒரு மனிதரின் பதவி உயர்வாக முடிந்திருக்கும். நான் உடனே எங்கள் குழுப் பட்டியலை எடுத்து எண்ணினேன். 13 பேர். அதில் மாற்றுத்திறனாளிகள் இரண்டு பேர். ஒருவர் பார்வையற்றவர், அவருக்குக் கூட்ட அறிவிப்பைத் தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏழு வருடமாக. அனுப்பியது நான்.

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை 2006இல் வந்தது. அதில் 4ஆம் பிரிவின் மூன்றாவது பத்தி, மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கிற முடிவுகளை எடுக்கும்போது அவர்களுடைய அமைப்புகளை நெருக்கமாகக் கலந்தாலோசித்து, உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அவர்களுடைய அமைப்பு என்றால் எது? அதற்கு அந்த உடன்படிக்கையின் குழு 2018இல் ஒரு விளக்கம் எழுதியது. மாற்றுத்திறனாளிகளே தலைமை தாங்கி, அவர்களே நடத்தி, உறுப்பினர்களிலும் அவர்களே பெரும்பான்மையாக இருக்கிற அமைப்புதான் அவர்களுடைய அமைப்பு. மற்றவை அவர்களுக்காக இயங்குகிறவை, அவற்றுக்கும் வேலை இருக்கிறது, ஆனால் அவர்கள் சார்பில் பேசுகிற இடத்தில் வந்து உட்காரக் கூடாது. படித்ததும் பள்ளிக்கூட இலக்கண வகுப்புதான் ஞாபகம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளுடைய கூட்டமைப்பு. நாங்கள் 21 வருடமாக நான்காம் வேற்றுமையில் குடியிருந்திருக்கிறோம். ஆறாம் வேற்றுமை ஒரு வீடு தள்ளித்தான், ஆனால் குடிமாற்றிப் பார்த்தால்தான் சாமான் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்று தெரியும்.

ஓட்டெடுப்பில் ஏழுக்கு ஆறு. ஒரே ஓட்டு வித்தியாசம். யாருடைய ஓட்டு என்று சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

முதல் மாதம் எப்படிப் போனது என்றால், அலுவலகத்தில் தலைவர் அறையில் தலைவர் இருப்பார், வெளியே வராந்தாவில் டீச்சர் உட்கார்ந்திருப்பார், வருகிற குடும்பங்கள் எல்லாம் டீச்சர் முன்னால் வரிசையில் நிற்கும். டீச்சர் வம்புக்கு வரவில்லை, பழக்கம், காலையில் எழுந்தால் கால் தானாக அங்கே வந்துவிடும். அவரும் "உள்ள போய் அவங்ககிட்டச் சொல்லுப்பா" என்றுதான் சொல்வார், ஆனால் சொல்லுவதற்கு முன்னாலேயே பதிலையும் சொல்லியிருப்பார். ஊழியர்களும் அப்படியே. தலைவர் ஒரு முடிவு சொன்னால், "டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்பார்கள், மரியாதையாகத்தான்.

ஒரு நாள் தலைவர் வராந்தாவுக்கு வந்து டீச்சர் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, கதவைச் சாத்தாமல், எங்கள் எல்லோர் காதிலும் விழும்படியே பேசினார். "டீச்சர், ஆறு மாசம் இந்தப் பக்கம் வராம இருங்க. நான் உங்க வீட்டுக்கு வாரம் ஒரு தடவை வர்றேன். நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நான் தப்புப் பண்றேன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, பண்ண விடுங்க." டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அன்றைக்கு எனக்குத் தலைவர் மேல் கோபம்தான் வந்தது. இரண்டு வாரம் கழித்து டீச்சர் ராத்திரி கூப்பிட்டார். "தம்பி, போன் அடிக்கவே மாட்டேங்குதுப்பா" என்றார். என்ன பதில் சொல்வது, நானும் பேசாமல் இருந்தேன், அவரே, "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அந்தப் போன் ஏன் அடிக்கவில்லை என்றால், தலைவர் செய்த முதல் உருப்படியான மாற்றம் அதுதான். கூட்டமைப்புக்கு என்று ஒரு பொது எண். அதை வாரத்துக்கு ஒருவராக ஐந்து ஊழியர்கள் மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும். பேச முடியாதவர்கள், காது கேளாதவர்கள் அதே எண்ணுக்கு வீடியோ அழைப்பில் வரலாம், குறுஞ்செய்தி போடலாம், வந்த எல்லாமே ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். முதல் மாதப் பதிவேட்டைப் பார்த்தபோது காது கேளாதவர்களிடமிருந்து மட்டும் 40க்கும் மேல் கேள்விகள். அதற்கு முந்தைய வருடங்களில் அவர்கள் எங்களிடம் ஏன் எதுவும் கேட்கவில்லை என்று யாருக்காவது சந்தேகம் வந்திருந்ததா? அவர்களுக்குப் பிரச்சினை குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது பச்சை டைரி. நான் சுலபமாக நினைத்தேன், உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று. தலைவர் விடவில்லை. "இது அவங்க டீச்சரை நம்பிச் சொன்னது. என்னை நம்பிச் சொன்னது இல்லையே" என்றார். ஒவ்வொரு குடும்பத்தையும், பெரியவர்களாக இருந்தால் அந்த மாற்றுத்திறனாளியையே நேரில் பார்த்து, இந்தப் பக்கத்தில் உங்களைப் பற்றி இப்படி இருக்கிறது, இதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கிழித்துவிட வேண்டும், யார் யார் பார்க்கலாம் என்று கேட்டார்கள். எட்டு மாதம் இழுத்தது. சிலர் முழுப் பக்கத்தையும் கிழிக்கச் சொன்னார்கள். ஒரு இளைஞர் தன் பக்கத்தைப் படித்துவிட்டு, "இதுல நான் பத்து வயசுல எப்படி இருந்தேன்னுதான் இருக்கு" என்று சொல்லி, பேனா வாங்கித் தானே திருத்தி எழுதினார். நல்ல மனதோடு எழுதிவைத்ததுதான், ஆனால் அவர் வளர்ந்தது டைரிக்குத் தெரியவில்லை.

வங்கிக் கையெழுத்து மாற்றியது, பதிவுத் தாள்கள், இதெல்லாம் எல்லா இடத்திலும் இருக்கிற தலைவலிதான், அதை விட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும்: பதவிக்காலத்துக்கு வரம்பு கொண்டுவந்தோம். மூன்று வருடம், கூட இன்னொரு மூன்று, அதோடு சரி. எல்லோரும் ஒரே நேரத்தில் காலியாகிவிடாமல் இருக்க வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாறுவார்கள். இந்த விதி முதலில் பிடித்தது என்னைத்தான். வருகிற பொதுக்குழுவில் நான் இறங்குகிறேன்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் அது பொய். இரண்டு அமைப்புகள் விலகிப் போயின. நீண்ட நாளாக உதவிக்கொண்டிருந்த ஒருவர் நிறுத்திவிட்டார், டீச்சர் குரல் கேட்காமல் மனம் வரவில்லையாம். மூத்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வேறு வேலைக்குப் போனார், அவர் இடத்துக்கு ஆள் கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று, அந்த ஐந்து மாதம் குழந்தைகளுக்கு நட்டம். தலைவரும் பெரிய தப்பு ஒன்று செய்தார். பகல்நேர மையத்துக்குப் போகிற வண்டியின் நேரத்தை, செலவு மிச்சம் என்று, அரை மணி நேரம் முன்னால் தள்ளினார். கணக்கில் அது சரி. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் காலை வரிசை மாறினால் அந்த நாளே உடைந்துவிடும் என்பது அவருக்கு உடம்பில் தெரியாது. சக்கர நாற்காலியில் வளர்ந்தவருக்கு அது தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு வாரத்தில் அம்மாக்கள் திரண்டு வந்துவிட்டார்கள். தலைவர் தேர்தலில் தோற்ற அந்த அம்மாவும் வந்திருந்தார், எழுந்து நின்று, "நீங்க எங்களுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுறீங்க. உங்களுக்குப் பேச வாய் இருக்கு. என் பையனுக்கு இல்லையே, அவன் சார்பா யார் பேசுறது?" என்று கேட்டார்.

எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே கடினமான கேள்வி அதுதான், இதற்குப் பதில் தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் சந்தேகமாகவே இருக்கும். மாற்றுத்திறனாளி ஒருவர் தலைவரானால் எல்லா மாற்றுத்திறனாளிகளும் தலைமைக்கு வந்துவிட்டதாக ஆகாது. காலடெட்டிலேயே 2006இல் மறுபடி போராட்டம் வெடித்தது. அப்போது அடுத்த தலைவராக அறிவிக்கப்பட்டவர் பிறவியிலேயே காது கேளாதவர்தான். தேர்வு நடந்த விதம், அவருடைய நிர்வாகப் போக்கு, இறுதிப் பட்டியலில் யாருக்கு இடம் கிடைக்கவில்லை என்று பல காரணங்கள் சொன்னார்கள், கடைசியில் நிர்வாகக் குழு நியமனத்தையே ரத்து செய்தது. முதல் போராட்டத்தை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் பாதிக் கதைதான் சொல்கிறார்கள்.

தலைவர் அந்த அம்மாவுக்கு உடனே பதில் சொல்லவில்லை. வண்டி நேரத்தைப் பழையபடி மாற்றினார், மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அந்த அம்மாவைத் துணைத் தலைவராக வரச் சொல்லி வீட்டுக்கே போய்க் கேட்டார். அவர் ஒத்துக்கொண்டதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்: அறிவுசார் குறைபாடு உள்ள இரண்டு பேர் குழுவில் இருக்க வேண்டும், பெற்றோர் இல்லை, அவர்களே. "என் பையனால முடியாது. முடியுறவங்க இருக்காங்க, அவங்களையாவது கூப்பிடுங்க."

இதுவும் புதிது ஒன்றுமில்லை. 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்தினார்கள், பீப்பிள் ஃபர்ஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள், முதலில் நாங்கள் மனிதர்கள் என்ற அர்த்தத்தில். ஐம்பது வருடத்துப் பழைய விஷயம். எங்களுக்கு வந்துசேர இவ்வளவு நாள்.

இரண்டு பேரில் ஒருவர் என் தங்கை. அவளை நான் சொல்லவில்லை, மையத்தில் இருக்கிறவர்கள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு இப்போது 38 வயது, எனக்குத் தெரிந்து அவளிடம் ஒரு விஷயத்தில் முடிவு கேட்டது சட்டை என்ன நிறம் என்பதில்தான். கூட்டம் மூன்று மணி நேரம் ஓடும், அவள் தூங்கிவிடுவாள், எல்லோரும் எனக்காகப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

கூட்டமே மாறிவிட்டது. ஒன்றரை மணி நேரம், நடுவில் இடைவேளை. ஒவ்வொரு தீர்மானமும் எளிய வாக்கியத்தில், பெரிய எழுத்தில், பக்கத்தில் படத்தோடு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும். அதையே ஒலிப்பதிவு செய்து அந்தப் பார்வையற்ற உறுப்பினருக்கும் அனுப்புகிறோம், அவர் முதல் தடவை கூட்டத்துக்கு முழுவதும் படித்துவிட்டு வந்து என் கணக்கில் இரண்டு தப்புக் கண்டுபிடித்தார். ஏழு வருடமாக அவர் அமைதியானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் எல்லோர் முன்னாலும் மூன்று அட்டை: பச்சை என்றால் புரிகிறது, சம்மதம். மஞ்சள் என்றால் ஏதோ சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் புரியவில்லை, நிறுத்து. சிவப்பு தூக்கினால் பேசுகிறவர் நிறுத்தியே ஆக வேண்டும், யாராக இருந்தாலும்.

போன மாதக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் வைத்தேன். பகல்நேர மையத்துக்குக் காத்திருப்போர் பட்டியலை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துவது என்பது பற்றி. மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது. "தேவையின் தீவிரத்தன்மையையும் குடும்பத்தின் பராமரிப்புத் திறனையும் கருத்தில் கொண்டு" என்று ஆரம்பித்துப் படித்துக்கொண்டே போனேன், இரண்டாவது வரி தாண்டவில்லை, சிவப்பு அட்டை. என் தங்கை. கையை நேராக மேலே நீட்டி, அட்டை தலைக்கு மேல் தெரிகிற மாதிரி, என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துக்கொண்டு பிடித்திருந்தாள். நான் அவளைப் பார்த்து, வீட்டில் செய்வது போல், கீழே இறக்கு என்று கண்ணால் சொன்னேன். இறக்கவில்லை.

தலைவர், "எது புரியலை?" என்று கேட்டார்.

"யார் முதல்ல வருவாங்கன்னு சொல்லவே இல்லை" என்றாள்.

நான் தாளை எடுத்து மறுபடி மேலிருந்து கீழே படித்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். யார் முதலில் வருவார்கள் என்று எங்கேயும் இல்லை. பக்கத்தில் இருந்த துணைத் தலைவர் தன் தாளைப் பார்த்துவிட்டு மெதுவாக அவரும் சிவப்பைத் தூக்கினார், அதற்குப் பிறகு இன்னும் நான்கு பேர். தீர்மானத்தைத் திரும்ப எழுதி எடுத்துவரச் சொல்லி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது, "கோபமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "கொஞ்சம்?" என்றாள். கொஞ்சம் என்றேன். சிரித்தாள். அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வராமல் பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறாள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.